நீரிழிவும் கண்ணொளியும்



நீரிழிவு நோயைப் பற்றி வைத்தியர்கள் பலர் வானொலியிற் பேசக் கேட்டிருப்பீர்கள். நான் வைத்தியன் அல்லேன். கலைத்துறையிற் பட்டம் பெற்று, அரசினர் பாடசாலைகளில் ஆசிரியராகவும் பின்னர் அதிபராகவும் முப்பது ஆண்டுகளைக் கழித்தவன். "அவ்வாறாயின் இவருக்கு இவ்விடயத்தில் என்ன வேலை?" என்று நீங்கள் வினவக்கூடும். ஏட்டையும் எழுத்தையும் கொண்டு பிழைக்கின்ற எங்களுக்குக் கண்ணே முதல். ஐம்பது வயதைக் கடந்த ஆசிரியர்கள் நால்வர் கூடியிருந்தால், அவர்களுள் ஒருவரேனும் தேநீருக்குச் சீனி வேண்டாமென்று கையமர்த்துவதை நான் நாள்தோறும் காண்கின்றேன். சீனியை விட்டவர்கள் பலர். கண்ணை ஒருமுறையேனும் வைத்தியரிடம் காட்டியவர்கள் மிகச் சிலர். இப்பேச்சுக்குக் காரணம் அதுதான்.

முதலிற் குறைபார்வை என்ற சொல்லின் பொருளைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். கண்ணாடி அணிவோர் எல்லோரும் குறைபார்வை உடையோர் அல்லர். கண்ணாடி அணிந்தவுடன் எழுத்துத் தெளியுமாயின் அதனைக் குறைபார்வை என்பதில்லை. தக்க கண்ணாடி அணிந்தும், வேண்டிய சிகிச்சை செய்தும், தெளியாது எஞ்சி நிற்கும் மங்கலுக்கே அப்பெயர் உரியது. வைத்தியசாலைச் சுவரில், மேலே பெரிய எழுத்தும் கீழே வரவரச் சிறிய எழுத்துமாக ஓர் அட்டை தொங்குவதைக் கண்டிருப்பீர்கள். ஒல்லாந்து நாட்டுக் கண்வைத்தியராகிய சினெல்லன் என்பவர் 1862ஆம் ஆண்டில் வகுத்த முறை அது. நல்ல கண் 18 மீற்றர் தொலைவில் நின்று படிக்கும் எழுத்தை ஒருவர் 6 மீற்றருக்கு அணுகி நின்றே படிக்கின்றார் எனின் அவரது பார்வை 6/18 ஆகும். இரு கண்களுள் நல்ல கண்ணின் பார்வையே, கண்ணாடி அணிந்த பின்னரும், இவ்வளவிற்குக் கீழிறங்குமாயின் அதனைக் குறைபார்வை என்பர். 3/60இற்குக் கீழே இறங்கினாற் குருடு எனக் கொள்வர். உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லைகள் இவை. இவ்விரு எல்லைகளுக்கும் இடையில் வாழ்வோர் முற்றாகக் காணாதவருமல்லர், நம்மைப்போற் காண்பவருமல்லர். தெருவில் எதிரே ஒருவர் வருவது தெரியும். வருபவர் யார் என்பது தெரியாது. "வாத்தியார் இப்போது ஆளைக் கண்டாற் கதைப்பதில்லை, பெருமை வந்துவிட்டது" என்று ஊரார் பேசுவதும் இதனாலேதான்.

நீரிழிவு கண்ணைத் தாக்கும் வகையை அறிவதற்குக் கண்ணின் அமைப்பைச் சிறிது அறிதல் வேண்டும். கண்ணைக் கமெராவுக்கு ஒப்பிடுவர். முன்புறத்தில் வில்லை; பின்புறத்தில், ஒளி விழுந்து உருவம் பதியும் விழித்திரை. விழித்திரையின் நடுவே மஞ்சட்பொட்டு என்னும் சிற்றிடம் ஒன்றுண்டு. எழுத்தைப் படிப்பதும், ஊசியில் நூல் கோப்பதும், முகத்தை அடையாளங் காண்பதும் அவ்விடத்தாலேயே இயல்கின்றன. விழித்திரைக்கு உணவூட்டும் குருதிக் குழாய்கள் மயிரினும் மெல்லியவை. குருதியிற் குளுக்கோசு மிகுந்து ஆண்டுக்கணக்காக நிற்குமாயின் அக்குழாய்களின் சுவர்கள் நலிகின்றன. நலிந்த இடம் சிறு கொப்புளம்போற் புடைக்கின்றது. புடைத்த இடம் கசிகின்றது. வயல் வரம்பில் நண்டு துளைத்த இடத்தால் நீர் கசிவதைக் கமக்காரர் அறிவர். கசிந்த நீர் மஞ்சட்பொட்டிலே தேங்கினால் நடுப்பார்வை மங்குகின்றது.

வேறு சில குழாய்கள் அடைத்துக்கொள்கின்றன. உணவு கிடையாத விழித்திரை, தன் குறையைத் தீர்ப்பதற்குப் புதிய குழாய்களைத் தோற்றுவிக்கின்றது. உதவிக்கு வந்தவன் உபத்திரவமானாற்போல, இப்புதிய குழாய்களே பெருங்கேட்டுக்குக் காரணமாகின்றன. உறுதியற்ற அவை ஒருநாள் வெடித்து, கண்கோளத்தின் உள்ளே நிறைந்திருக்கும் தெளிந்த கூழிற் குருதியைக் கக்குகின்றன. பின்னர் அவ்விடத்தில் தழும்பு வளர்ந்து விழித்திரையையே பற்றி இழுத்துப் பெயர்த்தலும் உண்டு.

இவற்றுள் எதுவும் நோவதில்லை. குழாய் புடைக்கும்போதும் நோவில்லை, கசியும்போதும் நோவில்லை, கண் சிவப்பதுமில்லை. மஞ்சட்பொட்டை எட்டும்வரை எழுத்தும் மங்குவதில்லை. பத்திரிகையின் மிகச் சிறிய எழுத்தைத் தடையின்றிப் படிக்கும் ஒருவரது விழித்திரையிற் புதுக்குழாய்கள் படர்ந்திருத்தல் கூடும். அட்டையைக் காட்டிச் சோதித்தால் அவர் கடைசி வரிவரை படித்துவிடுவார். ஆதலால் "எனக்கு நன்றாகத் தெரிகின்றதே" என்பது கண் நலமாக இருக்கின்றது என்பதற்குச் சான்றாகாது. நான் கூறுவனவற்றுள் வேறு எதனை மறந்தாலும் இதனை மட்டும் நீங்கள் மறவாதிருத்தல் வேண்டும்.

நோய் பழையது. வடமொழி வைத்திய நூல்கள் இதனை மதுமேகம் என்றன. நம் பக்கத்து முதியோர் சலரோகம் என்பர். ஆனால் இதனாற் கண்ணுக்கு நேரும் கேடு பரவலாக வெளிப்பட்டது அண்மைக் காலத்திலேதான். கெல்மோல்ற்சு என்னும் செருமானிய அறிஞர், உயிருள்ள கண்ணின் உட்புறத்தை நோக்கும் கருவியை 1851இல் உலகுக்கு அளித்தார். அதன்பின் ஐந்தாண்டு செல்லுமுன் வியன்னாவில் யேகர் என்பவர், நீரிழிவு நோயாளர் ஒருவரது மஞ்சட்பொட்டில் மாற்றங்களைக் கண்டு எழுதினார். அதனை ஐயுற்றோர் பலர். ஐயுறவுக்கு இடமும் இருந்தது. இளம் வயதில் இந்நோய் கண்டவர்கள் அக்காலத்திற் சில ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்ததில்லை. 1921இற் கனடாவின் ரொறொன்ரோ நகரிற் பான்ரிங், பெஸ்ற் முதலியோர் இன்சுலினைப் பிரித்தெடுத்தனர். 1922 சனவரியிற் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு அது முதன்முதலாக ஏற்றப்பட்டது. அதன்பின் நோயாளர் நெடுங்காலம் வாழ்ந்தனர். நெடிது வாழ்ந்தமையாலேயே, கண்ணிலும் சிறுநீரகத்திலும் இந்நோய் மெல்ல மெல்லச் செய்யும் வேலை வெளிச்சத்துக்கு வந்தது.

எவருக்கு இக்கேடு மிகுதியும் வருகின்றது என்பதை இனிப் பார்ப்போம். காலமே முதற் காரணம். நோய் கண்டு இருபது ஆண்டு கழியுமுன், இளமையிலே நோய் கண்ட வகையினருள் ஏறக்குறைய எல்லோருக்கும், நடுவயதிலே காணும் வகையினருள் நூற்றுக்கு அறுபதின்மருக்கு மேலும், விழித்திரையில் ஏதேனும் ஒரு மாற்றம் தோன்றியிருந்ததாக முன்னைய அமெரிக்க ஆய்வுகள் காட்டின. மாற்றம் என்பது குருடு என்று பொருள்படாது. சிறு புடைப்பு ஒன்றிரண்டு தோன்றினும் அது மாற்றமே. ஆயினும் "எனக்குச் சலரோகம் வந்து இப்போதுதான் இரண்டு வருடம்" என்று ஆறுதல் கொள்வோருக்கு ஒன்று கூறவேண்டும். நடுவயதில் வரும் நீரிழிவு, கண்டுபிடிக்கப்படுமுன்னரே சில ஆண்டுகளாக உடலிற் குடியிருந்திருக்கும். பிரித்தானியாவில் 1977இல் தொடங்கி 5,000 நோயாளருக்கு மேற்பட்டோரைக் கொண்டு நடந்த பேராய்வில், நோய் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட நாளிலேயே மூவரில் ஒருவருக்கு மேல் விழித்திரையில் மாற்றம் இருந்தது. நோயைக் கண்ட ஆண்டை நாம் குறித்து வைத்திருக்கின்றோம். நோய் தொடங்கிய ஆண்டை எவரும் குறித்து வைத்ததில்லை. இலங்கையில் 2005, 2006ஆம் ஆண்டுகளில் நாடளாவி நடத்தப்பட்ட ஆய்விலே, வளர்ந்தோரிற் பத்தில் ஒருவருக்கு இந்நோய் இருந்ததும், அவர்களிலும் ஏறக்குறைய மூவரில் ஒருவர் தமக்கு நோய் உண்டென்பதையே அறியாதிருந்ததும் தெரியவந்தன.

காலத்தை நாம் மாற்ற இயலாது. மாற்றக்கூடியது குருதியிலுள்ள குளுக்கோசின் அளவு. 1983 முதல் 1993 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும், இளமையிலே நோய் கண்ட வகையினர் 1,441 பேரை இரு பிரிவாக்கி ஆராய்ந்தனர். குளுக்கோசை இயல்பான அளவுக்கு அணித்தாகக் கட்டுப்படுத்திய பிரிவினருள், கண்கேடு இல்லாதிருந்தவர்களுக்கு அது புதிதாகத் தோன்றும் வாய்ப்பு நூற்றுக்கு 76 பங்கு குறைந்தது. முன்னரே சிறிது கேடு இருந்தவர்களில் அது முற்றும் வாய்ப்பு 54 பங்கு குறைந்தது. ஒரு நோயைப் பற்றி இத்துணைத் தெளிவான விடை கிடைப்பது அரிது.

இங்கே என் தொழிலோடு தொடர்புடைய ஒரு செய்தி. பரீட்சைக்கு முதனாள் இரவு மாத்திரம் கண்விழித்துப் படிக்கும் மாணவரை நாம் அறிவோம். கிளினிக்குக்குச் செல்லும் நாளுக்கு முந்திய இரண்டு நாட்களும் சோற்றைக் குறைத்து, பாகற்காய்ச் சாறு பருகி, காலையிற் குருதி கொடுத்து, "எல்லாம் சரியாம்" என்று மகிழ்ந்து வரும் பெரியவர்களும் அத்தகைய மாணவரே. எச்பிஏ ஒன்சீ எனச் சுருக்கமாக வழங்கும் ஒரு குருதிச் சோதனை உண்டு. அது கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டிவிடும். தவணை முழுவதும் படித்தானா என்பதைக் கண்டுபிடிக்கும் பரீட்சகர் அவர். அவரை ஏமாற்ற முடியாது. பனங்கட்டி பற்றியும் ஒரு சொல். சீனிக்குப் பதிலாகப் பனங்கட்டியைக் கடித்துத் தேநீர் குடித்தால் தீங்கில்லை என்ற நம்பிக்கை நம்மிடையே வேரூன்றியிருக்கின்றது. பனையின் மீது எனக்கும் பற்றுண்டு. எனினும் பனங்கட்டியும் குருதியிற் குளுக்கோசை ஏற்றத்தான் செய்யும்.

குருதியமுக்கம் அடுத்த காரணம். நலிந்த குழாயினுள் மிகுந்த அமுக்கத்தோடு குருதி பாய்ந்தால் என்ன நேரும் என்பதை விளக்க வேண்டியதில்லை. மேலே சொன்ன பிரித்தானிய ஆய்வின் முடிபுகள் 1998இல் வெளிவந்தன. குருதியமுக்கத்தை இறுக்கமாகக் கட்டுப்படுத்தியவர்களில், விழித்திரைக் கேடு முற்றுதல் நூற்றுக்கு 34 பங்கும், அட்டையில் மூன்று வரியளவு பார்வையை இழத்தல் 47 பங்கும் குறைந்தன. கண்ணுக்கு மருந்து போடாமல், குருதியமுக்கக் குளிசையை ஒழுங்காக விழுங்கியதாற் காத்துக்கொண்ட பார்வை அது. நம்மவர் பலர் "இன்றைக்குத் தலை சுற்றவில்லை" என்று அக்குளிசையை நிறுத்திவிடுகின்றனர்.

சிறுநீரகம் பழுதுற்றோர், குருதியிற் கொழுப்பு மிகுந்தோர், குருதிச்சோகை உடையோர் ஆகியோருக்கும் இடர் மிகுதி. நீரிழிவுள்ள பெண் கருவுற்றால் விழித்திரைக் கேடு விரைந்து முற்றக்கூடும். கருவுற்ற முதல் மூன்று மாதங்களுக்குள் கண்ணைச் சோதிப்பித்தல் வேண்டும். நெடுநாள் உயர்ந்திருந்த குளுக்கோசைத் திடீரெனக் குறைக்கும்போது, முன்னரே கேடுற்ற கண் சில மாதங்களுக்குச் சற்று மோசமாதலும் உண்டு. அதற்கு அஞ்சிச் சிகிச்சையை நிறுத்தலாகாது. கண்வைத்தியரும் உடனிருந்து பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவே. புகைப்பழக்கத்தைப் பற்றி நான் சொல்லித்தான் தெரியவேண்டுமென்பதில்லை.

இவையெல்லாம் நூல்களில் உள்ள காரணங்கள். நூல்கள் அதிகம் பேசாத காரணம் ஒன்றை நான் என் சூழலிற் கண்டிருக்கின்றேன். அது ஒளித்தல்.

எனக்கு அண்ணன் முறையான ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர் இருக்கின்றார். இலக்கணப் பிழை ஒன்று அகப்பட்டாற் பத்திரிகைக்கே கடிதம் எழுதுபவர். பதினான்கு ஆண்டுகளாக நீரிழிவு. கண்ணைக் காட்டும்படி வைத்தியர் எழுதிக் கொடுத்த துண்டு, கிளினிக் கொப்பிக்குள்ளே மடித்தபடி இரண்டு ஆண்டு கிடந்தது. கேட்டால், "கண் வடிவாத் தெரியுது, தம்பி. பேந்தேன் வீண் அலைச்சல்?" என்பார். ஒருநாட் காலை வலக்கண்ணின் முன்னே சிலந்தி வலைபோற் கரிய இழைகள் மிதந்தன. நுளம்புவலை நூலென்று கையால் விலக்கியிருக்கின்றார். இழை விலகவில்லை, மாலைக்குள் கண் இருண்டது. அதனையும் மூன்று கிழமை ஒருவருக்கும் சொல்லவில்லை. இடக்கண் இருக்கின்றதே என்ற துணிவு. ஆனால் மாலை வெளிச்சத்தில் இன்சுலின் ஊசியின் கோடுகளை இடக்கண்ணாலும் அவராற் சரியாக எண்ண முடியவில்லை. ஓரிரவு மருந்து மிகுதியாக ஏறி, விடியற்காலையிற் குளுக்கோசு தாழ்ந்து, வியர்த்து, நினைவிழந்து கிடந்தபோதே மகளுக்கு உண்மை தெரிந்தது. கண்வைத்தியர் பார்த்தபோது வலக்கண்ணினுள்ளே குருதி நிறைந்திருந்தது. இடக்கண்ணிலும் புதுக்குழாய்கள் வெடிக்கக் காத்திருந்தன. இடக்கண்ணை லேசர் சிகிச்சையாற் காத்தனர். வலக்கண்ணில் இப்போது விரல்களை எண்ணுமளவு பார்வையே உண்டு. "கண் கெட்டபின் சூரிய நமஸ்காரத்துக்கு வந்து நிற்கிறன்" என்று அவரே சொல்லிச் சிரிக்கின்றார். அவர் மகள் சிரிப்பதில்லை.

சேவையில் இருக்கும் ஆசிரியரிடத்தும் இவ்வொளித்தலைக் காணலாம். கரும்பலகையில் எழுத்து நாளுக்கு நாள் பெரிதாகும்; வரவுப் பதிவேட்டை மாணவனைக் கொண்டு எழுதுவிப்பார்; பிற்பகலிற் கூட்டம் நீண்டால், இருட்டுமுன் வீடு செல்லத் துடிப்பார். வேலைக்குக் கேடு வந்துவிடுமோ என்ற அச்சமே காரணம். அதிபர் என்ற முறையிற் கூறுகின்றேன்: வெளிச்சம் உள்ள வகுப்பறையும், பெரிய எழுத்தில் அச்சிட்ட தாளும் கொடுத்து அத்தகையோரை வைத்துக்கொள்ளுதல் எந்தப் பாடசாலைக்கும் இயலாத காரியமன்று. வெளியே சொல்லாதவருக்கு எவரும் உதவ முடிவதில்லை.

இனிச் சிகிச்சை. சூரிய கிரகணத்தை வெறுங்கண்ணாற் பார்க்கலாகாது என்று நம் பெரியோர் தடுப்பர். 1945 யூலையில் ஐரோப்பாவில் ஒரு கிரகணம் நிகழ்ந்தது. அதனைப் பார்த்து விழித்திரை வெந்தவரின் கண்ணைச் சோதித்த மேயர்-சுவிக்கராத் என்னும் செருமானிய வைத்தியர், வெந்த இடத்திற் சிறு தழும்பு உண்டானதைக் கண்டு, "சூரியன் தற்செயலாகச் செய்ததை நாம் அளவறிந்து செய்தால் என்ன?" என்று சிந்தித்தார். முதலிற் சூரிய ஒளியையே கண்ணாடிகளாற் கண்ணுக்குள் செலுத்திப் பார்த்தார். பின்னர் மின்விளக்குகளைக் கொண்டு செய்தார். அவர் தொடங்கிய வழியிலேதான் இன்றைய லேசர் சிகிச்சை வந்தது. விழித்திரையின் ஓரங்களிற் சிறு சிறு புள்ளிகளாகச் சுட்டால், புதுக்குழாய்கள் சுருங்கிவிடுகின்றன. இதனாற் பெரும் பார்வையிழப்புப் பாதிக்குமேற் குறைவதாக 1976இல் அமெரிக்க ஆய்வொன்று உறுதிசெய்தது. மஞ்சட்பொட்டின் நீர்த்தேக்கத்துக்குக் கண்ணுக்குள்ளே ஏற்றும் ஊசிமருந்துகள் இந்நூற்றாண்டில் வந்துள்ளன. தொடக்கத்தில் மாதந்தோறும் ஏற்றவேண்டியிருக்கும், இடையில் விட்டாற் பயன் குன்றும். கண்ணுள் ஊசி என்றவுடன் நடுங்குவோர் உளர். முன்னதாக விறைக்கச் செய்தே ஏற்றுவர். கண்ணுள் நிறைந்த குருதியையும் தழும்பையும் வெட்டியகற்றும் சத்திரசிகிச்சையை 1970இல் மக்கமர் என்பவர் தொடக்கிவைத்தார்.

லேசர் சிகிச்சை செய்தவர் சிலர் "செய்தும் பார்வை கூடவில்லையே" என்று குறைப்படுகின்றனர். அச்சிகிச்சை இருப்பதைக் காப்பதற்கானது; போனதை மீட்பதற்கானதன்று. வைத்தியரிடம் முந்திச் செல்வதற்கும் பிந்திச் செல்வதற்கும் உள்ள வேறுபாடு முழுவதும் இதிலே அடங்கியிருக்கின்றது.

வேறொரு மயக்கமும் உண்டு. நம் நாடு கண்தானத்திற் பேர்பெற்றது. வைத்தியகலாநிதி ஹட்சன் சில்வா அவர்கள் 1961இல் நிறுவிய கண்தானச் சங்கம், பல நாடுகளுக்குக் கண்களை அனுப்பி வந்துள்ளது. அதனால் "கண் பழுதானால் வேறு கண் வைத்துவிடலாம்" என்று எண்ணுவோர் இருக்கின்றனர். தானமாகப் பெற்றுப் பொருத்துவது, கண்ணின் முன்னே பளிங்குபோல் நிற்கும் படலத்தை மாத்திரமே. விழித்திரையை அவ்வாறு மாற்றிவைக்க இயலாது. கண்புரையும் நீரிழிவினரிடத்து இளம் வயதிலேயே தோன்றும். அதனை வெட்டி வில்லை பொருத்தலாம். ஆனாற் பின்னாலுள்ள விழித்திரை பழுதுற்றிருந்தாற் புரை வெட்டியும் பார்வை முற்றாகத் தெளியாது. சாளரத்தைத் துடைத்தோம், அறைக்குள் விளக்கு அணைந்திருக்கின்றது.

கண்ணாடிக் கடைக்கு விரைவோருக்கும் ஒரு குறிப்பு. குருதியிற் குளுக்கோசு ஏறி இறங்கும்போது வில்லையின் வடிவம் சிறிது மாறுபடும்; அதனாலும் பார்வை மங்கும். சிகிச்சை தொடங்கிய சில கிழமைகளில் அது தானே சீர்ப்படும். அதற்குமுன் வாங்கிய கண்ணாடி வீண் செலவு.

இனி, ஏற்கெனவே பார்வையிற் பெரும்பகுதியை இழந்தோர் செய்யத்தக்கவை. எஞ்சிய பார்வை சிறிதாயினும் அதனைக் கொண்டு செய்யக்கூடியவை பல. நான் சொன்ன ஆசிரியர், விளக்குப் பொருத்திய உருப்பெருக்குக் கண்ணாடி ஒன்றைக் கொண்டு நாளொன்றுக்கு ஒரு பக்கம் படிக்கின்றார். கைத்தொலைபேசியில் எழுத்தைப் பெருக்கிப் பார்க்கவும், எழுத்தை வாசித்துக் காட்டச் செய்யவும் பேத்தி பழக்கிவிட்டாள். வீட்டிலே மகள் செய்த மாற்றங்கள் பொருட்செலவு அற்றவை. வெள்ளைச் சோற்றை வெள்ளைக் கோப்பையில் இட்டால் அவருக்குச் சோறு தெரிவதில்லை. கடுநீலக் கோப்பை வாங்கினாள், சோறு தெரிந்தது. முற்றத்துப் படியின் விளிம்பில் மஞ்சள் வர்ணம் பூசினாள். குளிசைப் போத்தல்களுக்கு வெவ்வேறு தடிப்பான இறப்பர் வளையங்களை இட்டாள். இன்சுலினை இப்போது அவள் முன்னிலையிலேதான் ஏற்றிக்கொள்கின்றார். இரவுதோறும் அவருடைய பாதங்களையும் அவளே பார்க்கின்றாள். நீரிழிவினாற் பாதம் உணர்விழந்து, கண்ணும் மங்கினால், காலிற் புண் வந்ததை அறிய வேறு வழியில்லை. குறைபார்வையினால் வரும் இடருள் இதனைப் பலர் எண்ணிப்பார்ப்பதில்லை.

இக்கேட்டினை ஒரு நாடே முயன்றாற் குறைக்கலாம் என்பதற்கு இங்கிலாந்து சான்று. நீரிழிவுள்ளோர் யாவரது விழித்திரையையும் ஒழுங்காகப் படம்பிடித்துப் பார்க்கும் திட்டத்தை அங்கு 2003இல் தொடங்கினர். படம்பிடிப்போர் வைத்தியர் அல்லர், பயிற்சி பெற்ற உதவியாளரே. தொழில் செய்யும் வயதினரிடையே குருட்டுக்கு முதற் காரணமாக ஐம்பது ஆண்டுகளாய் நின்ற நீரிழிவுக் கண்ணோய், 2009, 2010ஆம் ஆண்டுக் கணக்கில் இங்கிலாந்திலும் வேல்சிலும் அந்த இடத்தை இழந்தது. நம் நாட்டிலே கொழும்புத் தேசிய கண் வைத்தியசாலையிலும், யாழ்ப்பாணம், மட்டக்களப்பு முதலிய பெரிய வைத்தியசாலைகளிலும் கண்வைத்திய நிபுணர் உளர், கட்டணமும் இல்லை. இருந்தும் வன்னியிலே தூரக் கிராமத்தில் இருப்பவருக்கும், மலையகத் தோட்டத்திலே நாட்சம்பளத்துக்குக் கொழுந்து பறிப்பவருக்கும், கண்ணைக் காட்டப் போவதென்றால் ஒருநாட் கூலி போய்விடும். அவர்களை நோக்கிப் "போங்கள், போங்கள்" என்று வானொலியிற் கூறுவது எளிது. கமெராவைக் கிராமத்து நீரிழிவுக் கிளினிக்குக்குக் கொண்டுவருவதே சரியான வழியென்பது என் எண்ணம்.

நடுவயதில் நீரிழிவு கண்டவர், நோய் கண்ட அன்றே கண்ணையும் காட்டவேண்டும். பின்னர் ஆண்டுக்கொருமுறை, அல்லது வைத்தியர் குறிக்கும் தவணையிலே. இளமையிலே கண்டவருக்கு ஐந்தாண்டுக்குள் முதற் சோதனை. கரிய இழை மிதத்தல், திரை விழுந்தாற்போல் இருளுதல், நேர்கோடு வளைந்து தோன்றுதல் ஆகியவற்றுள் ஒன்று நேர்ந்தால் தவணைக்குக் காத்திராது அன்றே செல்லவேண்டும்.

செல்லும்போது கிளினிக் கொப்பியையும், உண்ணும் மருந்துகளையும், அணியும் கண்ணாடியையும் உடன்கொண்டு செல்க. கண்மணியை விரிப்பதற்குத் துளிமருந்து இடுவர். சில மணி நேரத்துக்கு வெயில் கூசும், எழுத்து மங்கும். ஆகையால் அன்று துவிச்சக்கரவண்டியை வீட்டில் விட்டு, ஒரு குடையோடும் துணைக்கு ஒருவரோடும் பேருந்திலே செல்லுங்கள். மாலைக்குள் அம்மங்கல் தெளிந்துவிடும்.